குலுக்கலில் வந்த கேசட்

தம்பானூர் ரெயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முதலில் கண்ணில் படுபவர் யார்? ஆட்டோக்காரரா, ஓட்டல்காரரா? இருவரும் இல்லை. பலகையில் சீட்டுகளை வரிசையாகக் குத்தி வைத்துக்கொண்டு நிற்கும் லாட்டரிச் சீட்டுக்காரர்தான். நம்மவர்களில் சம்பளம் வாங்கிய கையோடு அவரிடம் ஒரு சீட்டு வாங்காமல் வீட்டுக்குப் போனவர்கள் குறைவு என்றே சொல்லலாம்.

கேரள அரசு இந்த லாட்டரியை 1967-ஆம் ஆண்டில் தொடங்கியது. அப்போது நிதியமைச்சராக இருந்தவர் பி. கே. குஞ்ஞு. முதல் சீட்டின் விலை ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26-ஆம் தேதி நடைபெற்றது. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டில் லாட்டரிக்குத் தடை விதித்துவிட்டார்கள். இங்கே குலுக்கல் இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.

எங்கள் வீட்டிலும் தினசரி இரவு எட்டரை மணிக்கு ஒரு குலுக்கல் நடக்கிறது. சீட்டுக்குக் காசு கிடையாது. பரிசாக விழுவது பாட்டு. அந்தக் குலுக்கலில் ஒரு நாள் வந்த எண்ணைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

டிரங்குப் பெட்டி

சென்ற ஆண்டு ரெயில்வே குவார்ட்டர்ஸ் மாறினோம். சாமான்களை ஏற்றும்போது, கட்டிலுக்கு அடியில் இருந்த தகர டிரங்குப் பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டு என் மனைவி கேட்டாள்: “என்னங்க, இதுவும் அங்கே வரணுமா? பதினைந்து வருஷமா யாரும் திறக்கலையே.”

நான் பதில் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். “அது எனக்க பெட்டி. நான் இருக்குமட்டும் அது வரும்.”

உள்ளே இருந்தவை என் தகப்பனார் சேர்த்த கேசட்டுகள். மொத்தம் 84. அவற்றோடு, பழைய ரெயில்வே நோட்டுப் புத்தகம் ஒன்றில் அவர் கைப்பட எழுதிய பட்டியலும் இருந்தது. ஒன்று முதல் 84 வரை எண். எதிரே, பாடியவர் பெயரோ படத்தின் பெயரோ. சிலவற்றுக்கு எதிரே ‘கலவை’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

அப்பா ரெயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே ரெயில் ஓடத் தொடங்கியது 1979 ஏப்ரல் மாதத்தில். அதே ஆண்டு அக்டோபரில் திருவனந்தபுரம் ரெயில்வே கோட்டம் அமைந்தது. அந்தச் சமயத்தில் வேலைக்கு வந்தவர்களில் அவரும் ஒருவர். 2009-இல் பணியில் இருக்கும்போதே காலமானார். பத்தாவது மட்டும் படித்திருந்த எனக்கு அவருடைய வேலையின் பேரில் வேலை கிடைத்தது. கடைநிலையில் சேர்ந்து, பரீட்சை எழுதி, இன்று குமாஸ்தாவாக இருக்கிறேன். அவர் விட்டுச் சென்ற வேலையைப் பார்த்தேனே தவிர, அவர் விட்டுச் சென்ற பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

ஏழு கிலோமீட்டர் பாட்டு

இன்றைய பிள்ளைகளுக்குக் கேசட் என்றால் என்னவென்றே தெரியாது. என் மகள் அதைக் கையில் வாங்கி, “இதுக்கு சார்ஜர் எங்கேப்பா?” என்று கேட்டாள். ஆகவே நாலு வரி விளக்கம் தேவைப்படுகிறது.

பிலிப்ஸ் நிறுவனம் 1963-ஆம் ஆண்டில் கேசட்டை அறிமுகம் செய்தது. மெல்லிய பிளாஸ்டிக் நாடாவின் மேல் இரும்பு ஆக்சைடு பொடியைப் பசையோடு பூசியிருப்பார்கள். அந்தப் பொடியில் காந்தப் பதிவாக ஒலி நிற்கிறது. நாடா ஒரு விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். பக்கத்துக்கு அரை மணி வீதம் ஒரு மணி நேரம் ஓடும் கேசட்டில் சுமார் 86 மீட்டர் நாடா இருக்கும்.

கணக்கு எழுதும் புத்தி எங்கே போகும்? பேப்பரை எடுத்துப் பெருக்கிப் பார்த்தேன். 84 கேசட்டுகளின் நாடாவையும் ஒன்றாக நீட்டினால் ஏழு கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. தம்பானூரிலிருந்து, இப்போது திருவனந்தபுரம் தெற்கு என்று பெயர் மாறியிருக்கும் நேமம் வரைக்கும் தண்டவாளத்தின் ஓரமாக ஏறக்குறைய இழுத்துவிடலாம். உட்கார்ந்து கேட்டால் 84 மணி நேரம். அதாவது இரவு பகலாக மூன்றரை நாள். ஒரு பாயிண்ட்ஸ்மேன், தன் சம்பளத்தில், டீக்காசை மிச்சம் பிடித்துச் சேர்த்த சொத்து இது.

அப்பாவின் பழைய டூ-இன்-ஒன் பெட்டியைச் சாலைக் கடைத்தெருவில் ஒரு ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனேன். வயதானவர். திறந்து பார்த்து, “ரப்பர் பெல்ட் உருகி மெழுகாகிவிட்டது, மற்றபடி ஆள் உயிரோடுதான் இருக்கிறார்” என்றார். இரண்டே நாளில் பாடியது.

ஏன் குலுக்கல்?

பெட்டி பாடத் தொடங்கிய அன்றே வீட்டில் சண்டையும் தொடங்கியது. அம்மாவுக்குப் பாகவதர், சீர்காழி கோவிந்தராஜன், பழைய பக்திப் பாடல்கள் வேண்டும். மனைவிக்கு இளையராஜா வேண்டும். மகளுக்கு எது போட்டாலும் அது வேண்டாம். எனக்கு டி. எம். சவுந்தரராஜனும் சுசீலாவும் போதும். ஒருவர் கேட்க மற்ற மூவர் முகம் சுளிப்பது எத்தனை நாள் நடக்கும்?

மகள்தான் வழி சொன்னாள். ஒன்று முதல் 84 வரை சீட்டு எழுதி ஒரு ஹார்லிக்ஸ் டப்பாவில் போட்டாள். குலுக்கி ஒரு சீட்டு எடுப்பது. எந்தப் பக்கம் என்பதற்குக் காசு சுண்டுவது. நாடா எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்திலிருந்தே கேட்பது. முன்னால் ஓட்டுவதோ பின்னால் சுற்றுவதோ கூடாது. அரை மணி நேரம் முடிந்தால் அணைத்துவிட வேண்டும். இதுதான் சட்டம்.

இது ஒன்றும் புதிய வழக்கம் அல்ல. நம் முன்னோர்கள் இதைக் ‘கயிறு சார்த்திப் பார்த்தல்’ என்றார்கள். தேவார ஏட்டுக்கட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கயிற்றை நுழைப்பார்கள். அந்த ஏட்டில் எந்தப் பதிகம் இருக்கிறதோ அதுவே அவர்களுக்கு வந்த பதில். பெண்ணாகடத்தில் வாழ்ந்த அச்சுதகளப்பாளர் என்பவருக்குப் பிள்ளை இல்லை. அவருடைய குரு சகலாகம பண்டிதர் ஏட்டில் கயிறு சார்த்திப் பார்த்தபோது, திருஞானசம்பந்தர் திருவெண்காட்டில் பாடிய பதிகம் வந்தது என்றும், அதன்படி வழிபட்டு அவர் பெற்ற பிள்ளையே பின்னாளில் சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் என்றும் சைவ மரபில் சொல்லப்படுகிறது. நம்பிக்கை அவரவர் விஷயம். ஆனால் சேர்த்து வைத்த பாட்டுகளில், தானாக வரும் பாட்டுக்குத் தனி மதிப்பு உண்டு என்பதை நம்மவர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டுகொண்டார்கள் என்பது தெரிகிறதல்லவா?

12-ஆம் எண்ணின் திருவிளையாடல்

முதலில், எடுத்த சீட்டை மறுபடியும் டப்பாவிலேயே போட்டுவந்தோம். பத்து நாட்களுக்குள் 12-ஆம் எண் இரண்டு முறை வந்துவிட்டது. “அப்பா கள்ளாட்டம் ஆடுறார்” என்று மகள் புகார் செய்தாள். அது அம்மாவுக்குப் பிடித்த கேசட் என்பதால் சந்தேகம் அம்மா மேலும் விழுந்தது.

எங்கள் அலுவலகத்தில் கணக்கில் தேர்ந்த நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். 84 சீட்டுகளில், எடுத்ததைத் திருப்பிப் போட்டுப் போட்டு 12 தடவை எடுத்தால், ஏதாவது ஒரு எண் இரண்டாம் முறை வருவதற்குப் பாதிக்கு மேலேயே வாய்ப்பு இருக்கிறது என்று போட்டுக் காட்டினார். நூற்றுக்கு 56 பங்கு வருகிறது. ஆகக் கள்ளாட்டம் எதுவும் இல்லை. உண்மையான குலுக்கல் என்றால் அப்படித்தான் இருக்கும். நாம்தான், குலுக்கல் என்றால் எல்லாம் ஒழுங்காகக் கலந்து வரும் என்று எண்ணிக்கொள்கிறோம்.

பெரிய நிறுவனங்களுக்கும் இதே தலைவலி வந்ததுண்டு. அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனம் 2005-ஆம் ஆண்டில் ‘ஐபாட் ஷஃபிள்’ என்று விரல் நீளத்தில் ஒரு பாட்டுக் கருவி விற்றது. அதில் பார்ப்பதற்குத் திரையே கிடையாது. நாம் ஏற்றிவைத்த பாட்டுகளைத் தானாகக் கலைத்துப் போடும். ஒரே பாடகர் அடுத்தடுத்து வருகிறாரே, இது என்ன குலுக்கல் என்று ஜனங்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். அதே ஆண்டில் அந்த நிறுவனம், ஒரே பாடகர் அடுத்தடுத்து வராமல் குறைத்துக்கொள்ள ஒரு வசதியைத் தன் பாட்டு மென்பொருளில் சேர்த்தது. ஸ்பாட்டிஃபை நிறுவனமும் 2014-இல் தன் முறையை இவ்விதமே மாற்றிக்கொண்டது. குலுக்கலைக் குறைத்தால்தான் குலுக்கல் மாதிரித் தோன்றுகிறது! ஐபாட் ஷஃபிள் 2017-இல் நிறுத்தப்பட்டுவிட்டது.

நாங்களும் எங்கள் சட்டத்தைத் திருத்தினோம். எடுத்த சீட்டைத் தனியே வைத்துவிடுவது. 84-ம் முடிந்த பிறகே மறுபடி டப்பாவில் போடுவது.

இந்த ஊர்ப் பாட்டு

இப்படித் தினம் ஒன்றாகக் கேட்டு வருகையில், நாமாகத் தேர்ந்தெடுத்தால் ஒருநாளும் போட்டிருக்க மாட்டோம் என்ற பாட்டுகளெல்லாம் வந்தன. பாகவதரின் பாட்டு ஒன்று வந்த அன்று, “இது பாபநாசம் சிவன் எழுதியது, அவர் நம்ம ஊரில் இருந்தவர்” என்று அம்மா சொன்னாள். விசாரித்ததில் அது உண்மைதான். தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்த பாபநாசம் சிவன் சிறுவயதில் தாயாரோடு திருவனந்தபுரம் வந்து, இங்கேதான் சமஸ்கிருதம் படித்தார். கரமனையில் வாழ்ந்த நீலகண்ட சிவனின் பஜனையைக் கேட்டே அவருடைய மனம் பாட்டில் திரும்பியது.

இன்னொரு நாள் வந்தது கே. வி. மகாதேவன் இசை. அவர் 1918-இல் நாகர்கோவில் கிருஷ்ணன்கோவிலில் பிறந்தவர். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம். இவற்றுக்கு நடுவே மலையாளப் பாட்டுகளும் வந்தன. யேசுதாஸ் 1980-இல் இதே திருவனந்தபுரத்தில் தொடங்கிய தரங்கிணியின் கேசட்டுகள் நாலைந்தை அப்பா காசு கொடுத்தே வாங்கியிருக்கிறார். தமிழ் வேறு, மலையாளம் வேறு என்று அவருடைய பட்டியல் பிரித்து வைக்கவில்லை. பிழைக்க வந்த ஊரின் பாட்டையும் அவர் தன் பெட்டியிலேயே வைத்திருந்தார்.

இன்று கடைகளில் ஐயாயிரம் பாட்டுகளை ஏற்றிய பெட்டிகள் கிடைக்கின்றன. சரிகம நிறுவனம் 2017-இல் ‘கேரவான்’ என்ற பெயரில் அதைக் கொண்டுவந்தது. ஓய்வு பெற்றவர்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். குறை சொல்வதற்கில்லை. என்றாலும் அதில் இருப்பது ஊருக்கெல்லாம் பொதுவான பாட்டு. அப்பாவின் பெட்டியில் இருப்பது அப்பாவின் பாட்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் புரிந்தது, குலுக்கலில் 37-ஆம் எண் வந்த இரவில்தான்.

நாடா நின்ற இடம்

கேசட்டுக்கு ஒரு குணம் உண்டு. செல்போனில் பாட்டை நிறுத்தினால் அடுத்த முறை வேறு எங்கோ போய்விடுகிறோம். கிராமபோன் தட்டில் ஊசியை எடுத்துவிட்டால் அடுத்த முறை முதலிலிருந்து வைக்க வேண்டியதுதான். கேசட் அப்படியல்ல. கடைசியாகக் கேட்டவர் எங்கே நிறுத்தினாரோ, அதே இடத்தில் நாடா நின்றுகொண்டிருக்கும். பத்து வருஷமானாலும் சரி, இருபது வருஷமானாலும் சரி, யாரும் தொடாதவரை அந்த இடம் மாறாது.

அப்பாவின் கேசட்டுகளும் அப்படித்தான் நின்றன. பெரும்பாலும் பாட்டின் நடுவில். பல்லவி முடிந்து சரணம் தொடங்கும் இடத்தில் ஒன்று, வயலின் உச்சத்துக்குப் போகும் இடத்தில் ஒன்று. டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்றோ, சாப்பிட அழைத்தார்கள் என்றோ அவசரமாக அணைத்திருப்பார். நாங்கள் ஒவ்வொரு நாளும் பாட்டைத் தொடங்கியது, உண்மையில், அவர் விட்ட இடத்திலிருந்துதான். இது எங்கள் விதியில் தற்செயலாக வந்து சேர்ந்த விஷயம்.

37-ஆம் எண்ணைச் சீட்டில் எடுத்தவள் மகள். பட்டியலில் எதிரே ‘கலவை’ என்றிருந்தது. காசில் தலை விழுந்தது, முதல் பக்கம். பொத்தானை அழுத்தினேன். ஒரு பாட்டின் முதல் ஸ்வரம் சரியாகத் தொடங்கியது. நடுவிலிருந்து அல்ல, தொடக்கத்திலிருந்து. ஒலி தெளிவாக இல்லை. வானொலிக்கு முன்னால் மைக்கை வைத்துப் பதிவு செய்தது என்று உடனே தெரிந்தது. பின்னால் பாத்திரம் உருளும் சத்தமும் ஒரு குழந்தையின் அழுகையும் கேட்டன.

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் வானொலி தனி. டேப் ரெக்கார்டரை அப்பா யாரிடமோ இரவல் வாங்கி வருவார். வானொலிக்கு முன்னால் மைக்கை வைத்துவிட்டு, “யாரும் மூச்சு விடப்படாது” என்று கட்டளை போடுவார். நாங்கள் நால்வரும் ஒரே அறை. மூச்சு விடாமல் எப்படி இருப்பது?

எல்லாக் கேசட்டும் நடுப்பாட்டில் நிற்க, இது மட்டும் பாட்டின் தொடக்கத்தில் ஏன் நிற்கிறது? மகளிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, சட்டத்தை மீறி, கொஞ்சம் பின்னால் சுற்றினேன்.

அக்காவின் குரல் கேட்டது.

ஒன்பது வயதுக் குரல். அப்போது இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் என்றால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெய்வம். கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது போல் பேசிப் பார்க்காத பிள்ளை இல்லை. அக்காவும் அதே ராகத்தில் மூச்சு விடாமல் அறிவிக்கிறாள். அடுத்த பாடலை விரும்பிக் கேட்டிருப்பவர்கள் என்று சொல்லி, அப்பா பெயர், அம்மா பெயர், என் பெயர், பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியின் பெயர் எல்லாவற்றையும் அடுக்குகிறாள். நடுவில் அப்பாவின் சிரிப்பு. “போதும்ளா, பாட்டு வந்துட்டு” என்று அவர் சொல்வதோடு அறிவிப்பு முடிகிறது. அதற்குப் பிறகுதான் அந்தப் பாட்டு.

அது 1990-ஆம் ஆண்டாக இருக்க வேண்டும். அழுத குழந்தை நான்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இருபது வருஷத்துக் கணக்கு

அக்கா 2004-இல் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை இந்த ஊர்க்காரர், வேறு சாதி. நல்ல மனிதர். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து அவள் பெயரை அவர் வாயால் சொன்னதில்லை. நெய்யாற்றின்கரை என்ன, தூரதேசமா? பாசஞ்சர் ரெயிலில் அரை மணி நேரத்துப் பயணம். அந்த ஸ்டேஷன் வழியாக எத்தனையோ முறை போனார், ஒரு முறையும் இறங்கவில்லை. 2009-இல் அவர் போனபோது அக்கா வந்தாள். வாசலிலேயே நின்றாள். “என்கிட்ட ஒரு வார்த்தை பேசாமலே போயிட்டாரு” என்று அவள் அன்று சொன்னதை அதன்பிறகு எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வருவாள், போவாள். ஆனால் அப்பாவின் படம் மாட்டியிருக்கும் அறைக்குள் அதிகம் நுழைய மாட்டாள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கடைசியாக அந்தக் கேசட்டைப் போட்டுக் கேட்டவர் அறிவிப்பு முடிந்தவுடன் நிறுத்தியிருக்கிறார். பாட்டைக் கேட்கவில்லை. பாட்டுக்காகப் போட்டவர் பாட்டு தொடங்கும் இடத்தில் ஏன் நிறுத்துகிறார்?

நான் அம்மாவிடம் கேட்டேன். “இதை அப்பா எப்போ கேட்பாரு?”

“நைட் டூட்டி முடிஞ்சு வந்தா சத்தத்தைக் கொறச்சு வச்சு ஏதாவது போட்டுக்கிட்டு இருப்பாரு. நான் படுத்திருவேன். எதைக் கேட்டாருன்னு நான் என்னத்தக் கண்டேன்?”

நான் எதையும் உறுதியாகச் சொல்ல வரவில்லை. அந்த நேரத்தில் மின்சாரம் போயிருக்கலாம். யாராவது கதவைத் தட்டியிருக்கலாம். 2004-க்கு முன்னாலேயே அந்த நாடா அங்கே நின்றிருக்கலாம். நிரூபிக்க வழியில்லை. ஆனால் 84 கேசட்டுகளில் சரியாக அந்த ஒன்று அந்த இடத்தில் நிற்கிறது. குமாஸ்தா வேலை பார்ப்பவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கணக்கு எங்கே உதைக்கிறதோ அங்கேதான் சமாசாரம் இருக்கும் என்று நினைப்பான்.

நெய்யாற்றின்கரைக்கு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டூ-இன்-ஒன் பெட்டியையும் 37-ஆம் எண் கேசட்டையும் துணிப்பையில் வைத்துக்கொண்டு நானும் அம்மாவும் ரெயில் ஏறினோம். செல்போனில் பதிவு செய்து அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்தால் குரல் போய்ச் சேரும், நாடா நின்ற இடம் போய்ச் சேராது. ஆகவே, நாடாவை முன்பிருந்த இடத்துக்கே ஓட்டிக் கொண்டுபோய் நிறுத்தி எடுத்துச் சென்றேன்.

அக்காவிடம் முதலில் எதுவும் சொல்லவில்லை. “அப்பாக்க கேசட்டு. கடைசியா எங்கன நிறுத்தியிருக்காரோ அங்கனயே இருக்கு. கேளு” என்று பொத்தானை அழுத்தினேன். பாட்டு வந்தது. நிறுத்தினேன். பிறகு பின்னால் சுற்றிப் போட்டேன்.

தன் குரலை அவள் உடனே அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அப்பாவின் சிரிப்பைத்தான் முதலில் கண்டுகொண்டாள். “போதும்ளா” என்று அவர் சொன்னதும் பொத்தானைத் தானே அமுக்கி நிறுத்தினாள். மறுபடியும் பின்னால் சுற்றிக் கேட்டாள். மூன்று முறை. அத்தான் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்.

அம்மாதான் மெதுவாகச் சொன்னாள்: “ஒன்கிட்ட பேசல, வாஸ்தவம்தான். நீ பேசுனத கேட்டுக்கிட்டுதான் மக்கா இருந்திருக்காரு.”

அக்கா வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, “அந்தப் பாட்ட ஒழுங்கா பிடிக்க விடாம அழுதது நீதாம்லே” என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டோம். சாப்பிட்டுவிட்டுப் புறப்படும்போது கேசட் அவளிடமே இருந்தது. எங்கள் பட்டியலில் 37-க்கு நேரே ‘நெய்யாற்றின்கரை’ என்று எழுதிவைத்தேன்.

உங்கள் கட்டிலுக்கடியில்

வாசகர்களே, நம்மில் பலர் வீட்டில் இப்படி ஒரு பெட்டி இருக்கும். சாலையில் கடை வைத்திருப்பவரோ, கரமனையில் குடியிருப்பவரோ, வளைகுடாவுக்குப் போய்த் திரும்பியவரோ யாராக இருந்தாலும் சரி. வளைகுடாவிலிருந்து கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. பாட்டு என்று நினைத்துப் பழைய சாமான்காரனுக்குப் போடும் கேசட்டில் யாருடைய குரல் இருக்கிறதோ, யார் கண்டது?

நாடாவுக்கு எமன் ஈரம். இந்த ஊரில் இடவப்பாதியும் துலாவர்ஷமும் என்று ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். கேசட்டின் கண்ணாடி வழியே பார்த்து, நாடாச் சுருளின் மேல் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை. அப்படிப்பட்டதை அப்படியே போட்டு ஓட்டக்கூடாது. கருவியின் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு மற்றக் கேசட்டுகளுக்கும் பரவும். விஷயம் தெரிந்த ரிப்பேர்க்காரரிடம் கொடுத்துச் சுத்தம் செய்த பிறகே போட வேண்டும். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கேசட்டுகளை அடுக்கக்கூடாது, அதிலுள்ள காந்தம் ஒலியை அழிக்கும். கேசட்டின் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிட்டால், தவறுதலாக அதன்மேல் வேறு எதுவும் பதிவாகாது.

கருவியின் இயர்போன் துளையிலிருந்து ஒரு வயரைக் கம்ப்யூட்டரில் செருகி, ஓடும் வேகத்திலேயே ஓடவிட்டுப் பிரதி எடுக்கலாம். ஒரு கேசட்டுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். குறுக்குவழி கிடையாது. நான் இதுவரை 31 எடுத்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று. பிரதி எடுப்பதற்கு முன் நாடாவை முழுதும் சுற்றித் தளர்த்த வேண்டும் என்பார்கள். அது சரியான யோசனைதான். ஆனால் சுற்றுவதற்கு முன்னால், அது நின்ற இடத்தில் ஒரு நிமிஷம் போட்டுக் கேட்டு, ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டை எங்கே வேண்டுமானாலும் தேடி எடுக்கலாம். நின்ற இடத்தை ஒரு தடவை கலைத்துவிட்டால் பிறகு கிடைக்காது.

முற்காலத்தில் தேவார ஏடுகள் சிதம்பரத்தில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்து, திறந்து பார்த்தபோது செல்லரித்துப் போனவை போக மிஞ்சியவையே நமக்குக் கிடைத்தன என்று சொல்வார்கள். பூட்டி வைப்பது காப்பாற்றுவது ஆகாது. எடுத்து ஓதினால்தான் ஏடு பிழைக்கும்.

இன்று இரவு எட்டரை மணிக்கு எங்கள் வீட்டில் குலுக்கல் உண்டு. டப்பாவில் இன்னும் 19 சீட்டுகள் மிச்சம் இருக்கின்றன. அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். சீட்டை இன்று அவள்தான் எடுக்க வேண்டும் என்று மகளின் உத்தரவு.